பாலைச் சோதிப்பது சந்தேகமாகுமா?

"நாங்களா கலந்தோம்? வந்த சரக்கை வந்தபடி விற்கிறோம். குற்றம் எங்களைச் சேருமா?" என்று நம் வியாபாரிகள் கேட்பதுண்டு. பாலுக்குள் இருப்பதை அறிய வழியில்லாத காலத்தில் இந்தச் சமாதானம் செல்லும். அறியும் வழி சில காசுக்குக் கிடைக்கும்போது எப்படிச் செல்லும்?

வழுவழுப்பான சாய்ந்த பரப்பில் ஒரு சொட்டுப் பாலை விட்டுப் பாருங்கள். நல்ல பால் மெல்ல இறங்கி வெள்ளைத் தடம் விடும். தண்ணீர் கலந்தது தடமின்றி ஓடிவிடும். மாவு கலந்திருந்தால், சிறிது பாலைத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் இரண்டு மூன்று சொட்டு டிஞ்சர் அயோடின் விட, நீலம் காட்டும். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையமே இவற்றை வீட்டுச் சோதனைகளாக வெளியிட்டிருக்கிறது. பால்மானியை மட்டும் நம்பவேண்டாம். தண்ணீர் ஊற்றுகிறவன் சர்க்கரையோ மாவோ சேர்த்து அதன் கணக்கைச் சரிக்கட்டத் தெரிந்தவன்.

சோதனையையே ஏமாற்றியவர்களும் உண்டு. சீனாவில் பாலில் மெலமைன் கலந்தது 2008-ல் வெளியாயிற்று. பாலின் புரதத்தைக் கணிக்கும் சோதனை உண்மையில் நைட்ரஜனையே அளக்கிறது. மெலமைனில் நைட்ரஜன் மிகுதி. ஆகவே தண்ணீர்ப் பாலும் தேறிவிட்டது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன. 6 குழந்தைகள் இறந்தன. சிங்கப்பூரிலும் சீனப் பால் பொருட்களைக் கடைகளிலிருந்து அகற்ற வேண்டியதாயிற்று. மெலமைனை அயோடின் காட்டாது. அது ஆய்வுக்கூடத்தின் வேலை; அதைக் கடைக்காரர் கண்டுபிடிக்கவில்லையே என்று யாரும் குறை சொல்லமாட்டார்கள். தண்ணீரும் மாவும் அப்படியல்ல.

"பல வருஷமாகப் பால் ஊற்றுகிறவர், அவர் மனம் நோகாதா? வீண் சந்தேகம் மார்க்கத்தில் விலக்கப்பட்டதாயிற்றே!" நியாயமான கேள்விதான். ஆனால் உள்ளே சந்தேகத்தை வைத்துக்கொண்டு வெளியே சிரிப்பதையல்லவா விலக்கவேண்டும்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் விற்றவர். அப்படியானால் மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். அவ்வாறு கை விட்டுப் பார்த்ததை வீண் சந்தேகம் என்று யார் சொல்வார்? நாமும் மிளகைக் கடித்துப் பார்க்கிறோம், துணியைக் கசக்கிப் பார்க்கிறோம். பாலுக்கு மட்டும் ஏன் கூச்சம்?

பால் வந்து இறங்கும்போது, கொண்டுவந்தவர் நிற்கையிலேயே, தினந்தோறும், எல்லார் பாலையும் சோதிப்போம். நல்ல பால் ஊற்றுகிறவர் இரண்டு நாளில் பழகிவிடுவார். கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும். அன்றைய தேநீருக்கு டின் பால் இருக்கிறது.