வரிசையில் நிற்பவரின் நேரம்

தேசிய சேவைக்குக் காத்திருந்த மாதங்களில், சிங்கப்பூரின் கிழக்குப் பக்கம் ஒரு பேரங்காடியின் லோடிங் பேயில் வேலை பார்த்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து லாரிகளுக்கு எண் கொடுக்க வேண்டும். வண்டி நிற்க ஆறு இடம், மேலே போகச் சரக்கு லிஃப்ட் இரண்டு. உண்மையான நெருக்கடி லிஃப்டில்தான். டிரைவர் ட்ராலியோடு அதன் முன்னால் நிற்கும் நேரமெல்லாம் அவருடைய வண்டி கீழே ஓர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

ஆறில் நான்கு இடம் முன்பதிவுக்கு. மீதி இரண்டும் முதலில் வருபவருக்கு. எல்லாருக்கும் ஒரே விதி என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு மழை நாளில், ஜொகூரிலிருந்து தினமும் வந்து வேலை செய்யும் ஓர் அண்ணன் பார்சல் வேனோடு வந்தார். மூன்றே பெட்டி. அவருக்கு முன்னால் நாலு வண்டி. பதிவு செய்த இடம் ஒன்று காலியாகக் கிடந்தது.

"தம்பி, அதுல நிறுத்திக்கவா? டக்குனு வந்துர்றேன்."

"புக்கிங் இருக்குண்ணே. நீங்களும் முன்னாடியே போட்டிருக்கலாமே?"

"எத்தன மணிக்கு வருவேன்னு எனக்கே தெரியாது. நான் எப்படிப்பா போடுறது?"

வெளியே போய் இரட்டை மஞ்சள் கோட்டில் நிறுத்திவிட்டு, பெட்டிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். திரும்பிப் போனால் சம்மன். காலியாக இருந்த இடத்துக்கு உரிய லாரி இருபது நிமிடம் கழித்துத்தான் வந்தது. அன்றைக்கு ஓடியது சம்மனுக்கே சரியாப் போச்சு என்று மறுநாள் சொன்னார். என் மேல் கோபம் இல்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ.

நான் தவறு செய்தேனா? விதிப்படி இல்லை. ஆனால் காத்திருப்பது எல்லாருக்கும் ஒரே எடை என்று வரிசை தானாகவே எடுத்துக்கொள்கிறது. மாதச் சம்பளம் வாங்கும் லாரி டிரைவருக்கு அரை மணி நேரக் காத்திருப்பு ஒரு குட்டித் தூக்கம். பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு அது சம்பள வெட்டு. முன்பதிவும் அப்படித்தான். நாளைய நேரத்தைத் தன் கையில் வைத்திருப்பவருக்கே அது உதவும்.

அபராதமும் ஆளுக்கு ஆள் வேறாகிவிடுகிறது. நியூயார்க்கில் 2004-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், பார்க்கிங் அபராதங்களை எதிர்த்து வாதாடமாட்டோம் என்று ஒப்புக்கொள்ளும் சரக்கு நிறுவனங்களுக்குத் தொகையைக் குறைத்தார்கள். பெரிய நிறுவனத்துக்கு அது சாலையில் நிற்க ஒரு வகை வாடகை, அதிலும் தள்ளுபடியோடு. ஜொகூர் அண்ணனுக்கு அது ஒரு நாள் சோறு.

சரி, விதியை விட்டுவிட்டு மனிதரைப் பார்ப்போம் என்று சில நாள் முயன்றேன். அவசரம் என்பவரை முன்னால் விட்டேன். அங்கேதான் இன்னொரு குட்டு உடைந்தது. நான் முன்னால் விட்டவர்களில் பெரும்பாலோர் தமிழில் பேசியவர்கள். அவர்களுடைய கஷ்டம் எனக்குப் புரிந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பேசாமல் நின்ற சீன அங்கிளும், லாரி பின்னால் உட்கார்ந்திருந்த வங்காளதேச இளைஞரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததால் எனக்கு அவர்களுக்கு அவசரமே இல்லை! இரக்கத்துக்கும் மொழி தெரிய வேண்டியிருந்தது. பழையபடி எண்ணுக்கே திரும்பினேன்.

ஆனால் எண்ணுக்குத் திரும்பியதை நியாயம் என்று சொல்ல மாட்டேன். இங்கே சில பேரங்காடிகளில் டிரைவர் சரக்கைக் கீழேயே ஒப்படைத்துவிட்டுப் போகலாம். கடை கடையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு ஆட்களின் வேலை. லிஃப்டுக்கு நிற்கும் நேரம் டிரைவர் தலையிலிருந்து இறங்குகிறது, அதற்கான செலவு வேறு யார் கணக்கிலோ ஏறுகிறது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. பொருளை வரவழைத்தது கடை, கடையை வைத்துச் சம்பாதிப்பது கட்டடம், வீட்டிலிருந்து இலவச டெலிவரி கேட்டது நாம். இத்தனை பேர் இருக்க, காத்திருப்புச் செலவு முழுவதையும் வேன் ஓட்டுபவர் ஏன் கட்ட வேண்டும்?

இதை மேலதிகாரியிடம் சொன்னேன். குறைந்தது, பதிவு செய்த லாரி பத்து நிமிடத்தில் வராவிட்டால் அந்த இடத்தை வரிசையில் நிற்பவருக்குக் கொடுக்கலாமே என்று கேட்டேன். வாடகைக் கடைகள் ஒத்துக்கொள்ள வேண்டுமே என்றார். வரிசையில் நிற்பவர்களிடம் கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை.