அபயம் தருவது எது?



மனம் அமைதியின்றி எரிவதை ஆர்த்தத் தியானம் என்பர் நம் ஆசாரியர். வேண்டாதது வந்து சேருமோ என்ற ஏக்கம், வேண்டியது பிரியுமோ என்ற தவிப்பு, நோயை எண்ணி நோதல், வருங்காலப் போகத்தை எண்ணி வாடுதல் என அது நால்வகைப்படும். இன்று மருத்துவர் மனப்பதற்றம் என்று கூறும் நோயின் சாயல் இந்நான்கிலும் உண்டு.

தருமபுரியிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் கல்விக்கும் வேலைக்கும் செல்லும் நம் பிள்ளைகளை இப்பதற்றம் எளிதில் பற்றுகிறது. அவ்வேளையில், "இதைப் புகைத்தால் பயம் போகும்" என்று தோழன் ஒருவன் கஞ்சாவை நீட்டுகிறான்.

பயம் போகுமா? சிறிதளவில் சிலருக்குச் சற்று நேரம் தணிவதுண்டு. அதுவே தூண்டிலில் வைத்த இரை. அளவு மிகுந்தால் அதே பொருள் நெஞ்சைப் படபடக்கச் செய்து, காரணமற்ற பீதியையும் ஐயத்தையும் எழுப்பும். நாள்தோறும் பழகியவன் நிறுத்தினால் உறக்கமின்மையும் எரிச்சலும் பதற்றமும் தோன்றும். அவற்றைத் தணிக்க மீண்டும் அதையே நாடுகிறான். அச்சம் தீரப் புகைத்தவன், புகை இல்லையே என்று அஞ்சுகிறான்! ஒரு பயம் இரண்டாயிற்று.

கஞ்சாவின் மயக்கும் சத்தை இஸ்ரேல் நாட்டு அறிஞர் 1964இல் பிரித்தறிந்தனர். அதனையொத்துச் செயற்படும் ஒரு பொருள் மூளையிலேயே இயல்பாகச் சுரப்பதை 1992இல் கண்டு, ஆனந்தம் என்னும் நம் சொல்லைக்கொண்டே அதற்கு ஆனந்தமைடு எனப் பெயரிட்டனர். உள்ளே அளவாய் அமைந்த ஒழுங்கை வெளியிலிருந்து வரும் புகை குலைக்கிறது.

"இது செடிதானே, இதில் கொலை ஏது?" என்று வினவும் இளைஞரும் உளர். மதுவை நாம் விலக்கியது உயிர்க்கொலை கருதி மட்டுமன்று. அறிவை மயக்குவதாலும் ஆகும். மோகனீய கர்மத்திற்குக் கள்ளையே உவமை கூறினர் முன்னோர். நற்காட்சியை மறைக்கும் எதுவும் சிராவகனுக்கு ஆகாது. கஞ்சாவை வைத்திருப்பதும் புகைப்பதும் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும்.

ஆயின் பெற்றோரே, பிள்ளை வழுவினான் என அறிந்ததும் நீவிர் செய்வது யாது? ஊர் அறியுமே என்று மறைத்தலும், வீட்டைவிட்டு விரட்டுதலும் அவனது அச்சத்தையே பெருக்கும். தகடூர் அதியர் மரபில் வந்த விடுகாதழகிய பெருமாள், பண்டு எழினி அமைத்த இயக்கன் இயக்கி திருவுருவங்கள் பழுதுற்றமை கண்டு திருமலையில் அவற்றைப் புதுப்பித்தான். கல்லுருவையே கைவிடாத மண்ணில், பெற்ற மகனைக் கைவிடலாமோ?

நால்வகைத் தானங்களுள் அபயமும் ஔடதமும் உள்ளன. "அஞ்சாதே, உண்மையைச் சொல்" என்று அருகில் அமர்த்திக் கேட்பது அபய தானம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்வது ஔடத தானம். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகவே கிடைக்கிறது. மருத்துவத்தோடு, நாளும் 48 நிமிடம் சாமாயிகத்தில் அவனுடன் நீங்களும் அமருங்கள். எழும் எண்ணத்தை விரட்டாது, அது தோன்றி மறைவதைக் காணப் பழகுவதே அநித்திய பாவனை.

புகை தருவதாகச் சொல்லும் அபயத்தை இல்லம் தரட்டும்.

நல்லறம் வளர்க!