கருவியுங் கருத்தாவும்

குடமொன்று உண்டாதற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று நாம் மாணாக்கர்க்குப் படிப்பித்து வருகின்றோம். அவர்களும் அதனைத் தடையின்றி ஒப்புவிக்கின்றனர். ஆயின், அம்மூன்றனையுங் குடத்தினின்றும் எடுத்து ஒரு கொலையின்மேல் வைத்து நோக்குக என்றால், அவர்கள் மாத்திரமன்றி நாமுந் தடுமாறுகின்றோம். அத்தடுமாற்றத்திற்கு ஏதுவான நிகழ்ச்சியொன்றை ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, கெந்தக்கி மாநிலத்தின் பெருநகராகிய லூயிவில்லில், ஓல்ட் நாஷனல் வங்கியின் கிளையொன்று நடைபெற்றுவந்தது. 2023 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 10 ஆந் திகதி திங்கட்கிழமை காலை எட்டரை மணியளவில், வங்கியின் வாயில் பொதுசனங்களுக்குத் திறக்கப்படுமுன், உத்தியோகத்தர் சிலர் ஆலோசனைக் கூட்டத்தின்பொருட்டு ஒருங்கு கூடினர். வேறிடத்திலிருந்து திரையின் வாயிலாக அக்கூட்டத்திற் கலந்துகொண்டவருமுண்டு. அவ்வங்கியிலே வேலைபார்த்த இருபத்தைந்து வயதினனாகிய ஒருவன் துப்பாக்கியோடு உட்புகுந்து சுட்டான். உள்ளே சுட்டது ஏறக்குறைய ஒரு நிமிடமே. உயிர்துறந்தோர் ஐவர், அவருள் இளையவர்க்கு வயது 40, மூத்தவர்க்கு 64. காயமுற்றோர் எண்மர். சுட்டபின் அவன் ஓடவில்லை. பொலிசாரை எதிர்பார்த்து அங்கேயே காத்திருந்தான். செய்தி கிடைத்து மூன்று நிமிடத்துக்குள் அவர்கள் வந்தனர். முன்வந்த இருவருள் ஒருவர் பயிற்சி முடித்துப் பத்து நாளே ஆனவர். அவர் தலையிற் குண்டு பாய்ந்தது. மற்றவர் அக்கொலைஞனைச் சுட்டு வீழ்த்தினார்.

இச்செயல் முழுவதையும் அவன் இன்ஸ்டகிராம் வாயிலாக உடனுக்குடன் உலகிற்குக் காட்டினான். அவன் பெயரை இங்கே எழுதேம். தன் செயலை யாவருங் காணல்வேண்டுமென்று விரும்பினவனுக்கு அவ்வுபகாரத்தை நாமுஞ் செய்யவேண்டுவதில்லை.

துப்பாக்கியின் வரலாறே நமக்கு வேண்டுவது. அஃது ஏ. ஆர். 15 என்னும் வகையினது. கொலைக்கு ஆறு நாள் முன்னர், ஏப்பிரில் 4 ஆந் திகதி, அவன் அதனை அந்நகரத்துக் கடையொன்றிலே சட்டத்திற்கு யாதொரு மாறுமின்றி விலைகொடுத்து வாங்கினான். அவன் பிரிந்துபோன செய்தியையும் எழுதிவைத்த குறிப்பையுங் கேள்வியுற்ற தாய், தானே பொலிசாரைக் கூப்பிட்டு, தங்கள் வீட்டில் துப்பாக்கியே இல்லையென்றுஞ் சொல்லி உதவி வேண்டினாள். அவள் வேண்டும்போது காரியம் முடிந்துவிட்டது.

அந்நகர முதல்வராகிய கிறேக் கிறீன்பேர்க் என்பவர் மறுநாள் ஒரு செய்தியை எடுத்துச் சொன்னார். அஃது யாதெனின், அந்த மாநிலத்தில் அப்பொழுது நடைமுறையிலிருந்த சட்டத்தின்படி, பொலிசார் கைப்பற்றிய துப்பாக்கிகளை அழித்தலாகாது. மாநிலப் பொலிசாரிடம் ஒப்புவிக்க, அவர்கள் உரிமம் பெற்ற வியாபாரிகளுக்கு அவற்றை ஏலத்தில் விற்றல்வேண்டும். விற்ற பணத்தின் பெரும்பகுதி பொலிசார்க்கு மார்புக்கவசமும் படைக்கலமும் வாங்க உதவும். ஆகவே ஐவரைக் கொன்ற இத்துப்பாக்கியும் ஒரு நாள் மீண்டுங் கடைக்கு வருதல் கூடும். இதனைச் சொன்னவர் 2022 ஆம் ஆண்டிலே தம்முடைய தேர்தற் காரியாலயத்தில் ஒருவனாற் சுடப்பட்டு, குண்டு உடையை மாத்திரம் உரிஞ்சிச் செல்ல, உயிர் தப்பினவர். கைப்பற்றிய துப்பாக்கிகளின் வெடியூசியைக் கழற்றிவிட்டே மாநிலத்திடம் ஒப்புவிப்பதென்று, வங்கிக் கொலைக்கு இரண்டு மாதம் முன்னரே அவர் ஏற்பாடு செய்திருந்தார். சட்டத்தை மீறாமல் அவர் செய்யக்கூடியது அவ்வளவே. கொலைஞனுடைய பெற்றோரும் அத்துப்பாக்கி விற்கப்படாது அழிக்கப்படவேண்டுமென்றே விரும்பினர்.

இனி வினா எழுகின்றது. எய்தவனிருக்க அம்பை நோவானேன் என்பது நம்மவர் பழமொழி. எய்தவனும் இறந்தொழிந்தான். அறிவில்லாத இரும்பை விற்றாலென், உருக்கினாலென்? விற்றலை வெறுப்பது பேதைமையன்றோ?

இவ்வாசங்கை எளிதில் தள்ளத்தக்கதன்று. துணைக்காரணம் சடம், சடத்துக்கு இச்சையில்லை, இச்சையில்லாததற்குப் பாவமில்லை. இவ்வளவும் உடன்பாடே. கொலைக்கு முதற்காரணம் யாது என்று கேட்டு மாணாக்கரோடு வாதித்தலும் வீண், அதனை விடுக. ஆயின், துணைக்காரணம் பாவத்தைச் சுமவாதெனினும், காரியத்தின் அளவை வரையறுக்கும். சக்கரமில்லாத குயவன் கையால் வனையும் பாத்திரம் எத்தனை? அதே மனிதன், அதே சினத்தோடு, கையிலே ஒரு தடி கொண்டு அவ்வறையினுட் புகுந்திருப்பானாயின், ஒரு நிமிடத்துள் ஐவரை வீழ்த்தியிருத்தல் கூடுமோ? கூடாதென்பது வெளிப்படை. ஆதலின் பழமொழி எய்தவனைக் குற்றவாளி என்னும் அளவிற் பொருந்தும். அம்பைப்பற்றி எண்ணவேண்டா என்னும் அளவிற் பொருந்தாது.

பின்னரும் ஒன்று. சக்கரத்தைக் குயவன் செய்துகொள்வதில்லை. தச்சன் செய்து கொடுக்கின்றான். சக்கரத்துக்குத் தச்சன் நிமித்தகாரணம். இவ்வாறே துப்பாக்கிக்குப் பின்னே, செய்தவன், விற்றவன், விற்கலாமென்று விதித்தவன் என அறிவுடையோர் வரிசையொன்று நிற்கின்றது. அவரெல்லாரையுங் கொலைகாரர் என்போமாயின் அநவத்தை என்னுங் குற்றம் வரும். இரும்பை அகழ்ந்தவன் வரைக்கும் போகவேண்டும். ஒருவரையும் வினாவோமாயின் அதுவும் பிழை. எல்லை எங்கே? அறிவே எல்லை என்பது எமது கருத்து. ஒருவன் எவ்வளவை அறிந்து செய்தான், எவ்வளவை அறிந்திருத்தல் அவன் கடன் என்பதனாலேயே அவன் பங்கு அளக்கப்படும்.

இவ்வளவுகோலால் நோக்குக. ஏப்பிரில் 4 இல் விற்ற வியாபாரி, வாங்கியவன் உள்ளத்தை அறிந்திலன் என்றே கொள்வோம். அறிந்திருத்தல் அவன் கடனோ என்பதனை நியாயத்தலம் ஆராய்க. இறந்தோர் குடும்பத்தாரும் காயமுற்றோருமாகிய சிலர் 2024 ஆம் ஆண்டு சனவரியிலே அக்கடைமேல் வழக்குத் தொடுத்தனர். இத்தகைய வழக்குகளை நெருக்கும் கூட்டாட்சிச் சட்டமொன்று 2005 இல் இயற்றப்பட்டுள்ளது. அஃதிருக்க. ஏலத்திலே விற்கும் மாநிலமோ அறியாமை கூற இயலாது. எத்துப்பாக்கி, எவர் கையில், எந்நாளில், எத்தனைபேரைக் கொன்றது என்பது அதன் ஏட்டிலே எழுதப்பட்டிருக்கும். முதல் விலை அறியாமையில் நிகழ்ந்தது. இரண்டாம் விலை முழு அறிவோடு நிகழ்வது.

அறிந்தாலென்? கொன்ற துப்பாக்கி, கொல்லாத துப்பாக்கியினும் மேலதிகமாகக் கொல்லுமோ எனின், கொல்லாது. இதனை ஒளியாமல் ஒத்துக்கொள்ளல்வேண்டும். இதனை ஒளிப்பவர் வாதத்திலே தோற்பர். பழைய அதென்சு நகரத்தாரும் கல்லும் மரமும் வஞ்சஞ் செய்யும் என்று நம்பினவரல்லர். ஆயினும் ஒருவன்மேல் விழுந்து அவனைக் கொன்ற சடப்பொருளைப் பிரித்தனேயம் என்னும் மன்றிலே விசாரித்து, நாட்டெல்லைக்கு அப்பால் எறிந்தனர். பிளேட்டோவுந் தம்முடைய சட்டநூலில் இவ்வழக்கத்தை விதித்தனர். கொன்றதனோடு ஒரே ஊரில் வாழ ஒருப்படோம் என்று இறந்தோர் சுற்றத்தார்க்கு ஊரார் காட்டிய அடையாளம் அது.

இங்கிலாந்து வேறு வழியிற் சென்றது. ஒருவனைக் கொன்ற வண்டியோ குதிரையோ கடவுட்குக் கொடுக்கப்பட்டதெனக் கருதப்பட்டு, அதுவாதல் அதன் விலையாதல் அரசனைச் சேர்ந்தது. தருமத்துக்கு உதவவேண்டுமென்பது பழைய கொள்கை. நாளடைவிலே தருமம் மறைந்து விலை நின்றது. புகைவண்டிகள் ஓடத்தொடங்கியபின், யூரிமார் இறந்தவர்பொருட்டு இயந்திரத்துக்குப் பெருந்தொகை விதிக்க, கம்பனியார் வருந்தினர். 1846 இல் அவ்வழக்கம் ஒழிக்கப்பட்டது. இறந்தோர் குடும்பத்தார் நட்டம் பெறுதற்குரிய சட்டமும் அவ்வாண்டிலேயே பிறந்தது. பணம் அரசனை விட்டு விதவையிடம் போயிற்று. இதனை நல்ல மாற்றமென்றே சொல்வோம்.

கெந்தக்கி இவ்விரண்டுமன்று. அது கொன்றதனை ஊருக்குள்ளே திருப்பி விடுகின்றது. விலையையுந் தானே கொள்கின்றது. கவசம் வாங்கத்தானே என்பர். முள்விதை விற்றுச் செருப்பு வாங்குதலை யார் சிக்கனம் என்பார்? தலையிற் காயமுற்ற இளைஞர் 2023 சூலை மாதத்திலேயே வீடு திரும்பினார். அவரைப்போன்றவர்க்குக் கவசம் வேண்டுமாயின் வரிப்பணத்தில் வாங்கிக் கொடுத்தலே நேர்.

துப்பாக்கி வாங்குவது எத்துணை எளிதென்று காட்டுதலும் தன் நோக்கமென்று கொலைஞன் எழுதிவைத்தமை, பொலிசார் அவ்வாண்டிறுதியில் வெளியிட்ட ஏடுகளாற் புலப்பட்டது. இதனைக்கொண்டு, அவ்வெளிமையைக் கண்டிப்போரெல்லாரும் அவன் பக்கத்தார் என்பாருமுளராயின், அவர் அறியவேண்டுவது: உண்மை சொன்னமையாற் கொலை நியாயமாகாது, கொலைஞன் சொன்னமையால் உண்மை பொய்யுமாகாது.

காரணவகையைப் படிப்பித்த ஒருநாள், இச்சரித்திரத்தை என் வகுப்பிலே சொன்னேன். நிமித்தகாரணம் இன்னது, துணைக்காரணம் இன்னது எனப் பிள்ளைகள் விரைவாய்ச் சொல்லிவிட்டனர். கடைவாங்கிலிருந்த ஒரு பையன் எழுந்து, "ஐயா, அது செய்ததை அறிந்துகொண்டே ஏலத்தில் அதனை வாங்குகிறவன் எந்தக் காரணம்?" என்று கேட்டான். அவ்வினாவைப் பலகையில் எழுதி, மறுநாள் ஒவ்வொருவரும் விடையெழுதிக் கொண்டுவரும்படி சொன்னேன்.