நெருப்பும் நமது பொறுப்பும்



ராசாவில் நமது கடைக்குப் பின்புறமுள்ள தாமானில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இஷா தொழுதுவிட்டுத் திரும்பும்போது ஒரு பெட்டி சிகரெட் வாங்கிப் போவது அவருடைய நெடுநாள் வழக்கம். சென்ற ஆண்டு ஓரிரவு, கட்டிலில் சாய்ந்தபடி புகைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். கங்கு மெத்தையில் விழுந்தது. கருகல் வாடைக்கு விழித்த மருமகள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள், புகை அடங்கிற்று. மெத்தையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு எல்லோரும் அடுத்த அறையில் படுத்தார்கள். சுபுஹுக்கு முன்னே அதே மெத்தை குபீரென்று பற்றிக்கொண்டது. அறை போயிற்று, அண்டை வீட்டுக் கூரையிலும் பாதி போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாள் ஆறுதல் சொல்லப் போனோம். "எல்லாம் தக்தீர், தம்பி. நான் வேணுமென்றா செய்தேன்?" என்றார். நாமும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினோம். கடைக்கு வந்து கடன் நோட்டைப் புரட்டினால், அந்தத் தேதியில் அவர் பெயருக்கு நேரே, "சிகரெட் 1, லைட்டர் 1" என்று நம் கையெழுத்தே நம்மைப் பார்த்தது. அன்று தொட்டு இரண்டு கேள்விகள் நம் மனத்தை விட்டு அகலவில்லை. வேண்டுமென்று செய்யாத காரியத்துக்கு மனிதன் பொறுப்பாளியா? பொறுப்பாளி என்றால், விற்றவனுக்கும் அதில் பங்குண்டா?

தக்தீரை நம்புவது ஈமானில் ஒரு பகுதி. அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அந்த நம்பிக்கையைக் கவனக்குறைவுக்குத் திரையாகத் தொங்கவிடலாமா? தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றுவிட்டவனுக்கும் பரிகாரமும் உயிரீட்டுத் தொகையும் உண்டென்று சூரத்துன் னிஸாவின் 92-ஆம் வசனம் விதிக்கிறது. கொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை. ஆனாலும் போன உயிர் போனதுதானே! தன் சொந்த நிலத்தில் ஒருவன் தீ மூட்டினாலும், பலத்த காற்றடிக்கும் வேளையில் மூட்டி அது அயலானின் பயிரை எரித்துவிட்டால், அவன் நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே, கெட்ட எண்ணம் இல்லை என்பது பாவத்தின் பாரத்தைக் குறைக்கலாம், பொறுப்பை அழித்துவிடாது. தீப்பிடித்த நொடியில் அந்தப் பெரியவர் தூங்கினார். ஆனால் அணைக்காத சிகரெட்டுடன் படுக்கையில் சாய்ந்த நொடியில் விழித்துக்கொண்டுதானே இருந்தார்?

மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு அதிலிருந்தவர்களோடு எரிந்துபோன செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியது. அதைத் தக்தீர் என்று சொல்லி அவர்கள் நிறுத்திவிடவில்லை. நெருப்பு மனிதனுக்குப் பகை. உறங்கப் போகும்போது அதை அணைத்துவிட வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். மதரஸாவில் இதை நாம் ஓதினோம். விளக்கைப் பற்றியது என்று எண்ணி, விளக்கோடு மறந்துவிட்டோம்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களை அடுத்துக் கடை வைத்த நம் மூத்தவர்கள் ஒன்று கண்டிருப்பார்கள். ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகைபோடும் கொட்டகையில் இரவிலும் நெருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பான். ஷீட்டுக்கு இருந்த அந்தக் காவல், உறங்கும் பிள்ளைகளுக்கு வேண்டாமா?

இனி விற்பவன் விஷயம். சந்தையில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டிய வரலாறு வியாபாரிகளாகிய நமக்கு மனப்பாடம். ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்டார்கள். தானியத்தின் ஈரத்தையே மறைக்கக் கூடாதென்றால், வீட்டை எரிக்கக்கூடிய ஒரு சாமானின் ஆபத்தை வாய் திறந்து சொல்லாமல் விற்பது எப்படித் தகும்?

இன்று வாலிபர்கள் வாங்குவது வேப். அதில் கங்கு இல்லை, பயமில்லை என்று எண்ணுகிறார்கள். ஆனால் அதனுள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது. பொருந்தாத சார்ஜரில் போட்டாலும், கீழே விழுந்து அடிபட்டாலும், தனிப் பேட்டரி சட்டைப்பையில் சாவியோடும் சில்லறையோடும் உரசினாலும், அது சூடேறி வெடிக்கக்கூடும். அமெரிக்காவில் 2009 முதல் 2016 முடிய மின் சிகரெட்டுகள் தீப்பற்றிய அல்லது வெடித்த 195 சம்பவங்களை அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் திரட்டியது. மெத்தையில் விழுந்த கங்கு உள்ளே மணிக்கணக்கில் கனன்றிருந்து பிறகு எரியும்; பேட்டரியோ நொடியில் சீறும்.

புகைப்பது ஹராம் என்று 1995-லும், வேப்பும் அவ்வாறே என்று 2015-லும் நம் நாட்டின் தேசிய ஃபத்வாக் குழு தீர்ப்பளித்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு இவற்றை விற்பதை 2024 அக்டோபர் 1 முதல் சட்டம் தடுத்திருக்கிறது. சட்டம் வயதைக் கேட்கச் சொல்கிறது. எங்கே வைத்துப் புகைப்பாய், எங்கே வைத்து சார்ஜ் போடுவாய் என்று கேட்கச் சொல்லவில்லை. அது நம்மிடம் உள்ள அமானிதம்.

ஆகவே நாம் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். படுக்கையில் புகைக்காதீர்கள். கனமான சாம்பல் கிண்ணம் வையுங்கள். துண்டுகளைத் தண்ணீரில் நனைத்தபின் குப்பையில் போடுங்கள். கருகிய மெத்தையை வீட்டுக்குள் வைக்காமல் வெட்டவெளிக்கு இழுத்துப் போட்டுவிட்டு 999-க்குச் சொல்லுங்கள். பொம்பாக்காரர் வந்து பார்க்கட்டும். வேப்பைத் தலையணையருகில் இரவெல்லாம் சார்ஜ் போடாதீர்கள். கிரில் சாவி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். 2017 செப்டம்பரில் கோலாலம்பூர் தஹ்ஃபீஸ் பள்ளியில் 23 உயிர்கள் போயின. அந்தத் தீயின் காரணம் வேறு. ஆனால் ஜன்னல் கம்பிகள் பிள்ளைகளுக்கு வழிவிடவில்லை என்பதை எப்படி மறப்போம்?

வேப் வகைகளை நம் அடுக்கிலிருந்து எடுத்துவிட்டோம். சிகரெட்டை இன்னும் எடுக்கவில்லை. அதை வாங்க வருகிறவர்தாம் அரிசியும் பருப்பும் வாங்குகிறார் என்று நஃப்ஸ் கணக்குச் சொல்கிறது. இதை ஒளிக்காமல் எழுதுவதற்குக் காரணம், நம்மில் பலரும் இதே நிலையில் இருக்கிறோம் என்பதுதான். கடன் நோட்டின் அந்தப் பக்கத்தை நாம் கிழிக்கவில்லை. பெரியவர் பணத்தைக் கட்டிவிட்டார். நம் பங்குதான் இன்னும் பாக்கியாக நிற்கிறது. அதைத் தீர்க்கும் மனவுறுதியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.