குட்டியின் நடைக்கு



இன்றைய நற்செய்தியில் கானானியப் பெண், மேசையடியில் விழும் துண்டுகளைத் தின்னும் நாய்க்குட்டிகளைச் சொல்லியே ஆண்டவரிடம் தன் மகளுக்கு நலம் கேட்டுப் பெற்றாள். அவளுடைய நம்பிக்கையைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். இன்று அந்தக் குட்டிகளைக் கொஞ்சம் பார்ப்போம். புதுநன்மைப் பரிசு, கிறிஸ்துமஸ் பரிசு என்று நம் பங்கில் பல வீடுகளில் குட்டிகள் வந்துவிட்டன. வீடு மந்திரிக்க வந்தால் முதல் வரவேற்பு அவற்றிடமிருந்துதான். என் அங்கியின் ஓரமே சாட்சி.

அந்தப் பெண் சொன்ன மேசையிலிருந்து விழுந்தது அப்பத் துண்டு. நம் மேசையிலிருந்து விழுவதோ பிரியாணி எலும்பு, பாயசத்துக் கிஸ்மிஸ், பிள்ளை பாதி கடித்த சாக்லேட். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். கிஸ்மிஸ் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் வெங்காயமும் நாய்க்கு நஞ்சு. பசும்பால்கூடப் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். "ஆசையாய்க் கொடுத்தேன் சாமி" என்பீர்கள். ஆசை உங்களுடையது, வயிறு அதனுடையது. குட்டிகளுக்கென விற்கும் தீனியோ, மருத்துவரைக் கேட்டு வீட்டில் சமைப்பதோ, எதுவானாலும் நான்கு மாதம் வரை நாளுக்கு மூன்று நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன்பின் இரண்டு வேளை போதும். எட்டு வாரம் ஆகும் முன்பே தாயிடமிருந்து பிரித்து வாங்கி வராதீர்கள்.

தொடக்கநூலில் ஓர் இடம் உண்டு. பல ஆண்டுகள் கழித்து ஏசாவும் யாக்கோபும் சந்திக்கிறார்கள். 400 ஆள்களோடு வந்த அண்ணன், சேர்ந்தே பயணம் போவோம் என்கிறார். தம்பி மறுக்கிறார். பிள்ளைகள் சிறியவர்கள், மந்தையில் பால்குடிக் குட்டிகள் இருக்கின்றன, ஒருநாள் விரட்டி ஓட்டினாலும் அவை மடிந்துபோகும், நான் அவற்றின் நடைக்கு மெல்ல வருகிறேன் என்கிறார். அண்ணன் வாழ்ந்த சேயிருக்கு வருவதாய்ச் சொன்னவர் சுக்கோத்துக்குப் போய்விட்டார், அது அவர் குணம்! ஆனால் மந்தையைப் பற்றிச் சொன்னது மேய்ப்பனின் அனுபவம்.

ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டு, கயிற்றில் கட்டிய குட்டியைப் பக்கத்தில் ஓடவிடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பகுதி நினைவுக்கு வரும். குட்டியின் எலும்பு வளர்கிற முனைகள் இன்னும் மென்மையான குருத்தெலும்பு. அவை இறுக ஏறக்குறைய ஓராண்டு ஆகும். பெரிய இனங்களுக்கு ஒன்றரை ஆண்டும் ஆகலாம். அதுவரை சிறு நடை, வீட்டு முற்றத்தில் விளையாட்டு, நிறையத் தூக்கம். வெயிலேறிய பிறகு தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

பழக்குவதிலும் நாம்தான் அவசரப்படுகிறோம். முன்னறையை நனைத்து ஒரு மணி நேரம் ஆனபின் மூக்கைப் பிடித்துத் தேய்த்து அடித்தால், எதற்கு அடி என்று அதற்கு விளங்காது. உங்களைக் கண்டு நடுங்க மட்டுமே கற்கும். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோங்கள். அங்கே சிறுநீர் கழித்த அந்தக் கணமே தட்டிக்கொடுங்கள். நான்காம் மாதவாக்கில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். செருப்பைக் கடிப்பது திமிர் அல்ல, ஈறுகளின் தினவு. கடிக்க வேறொன்று கொடுங்கள்.

கண்டிப்பதில் ஆண்டவர் அவசரப்படவில்லை. மும்முறை மறுதலித்த பேதுருவுக்கு உயிர்த்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்திருந்தார். கேள்வி கேட்டது சாப்பிட்டு முடித்த பிறகு. தேர்வு மதிப்பெண் வந்த இரவில் நம் வீடுகளில் விசாரணை எப்போது தொடங்குகிறது? சோற்றுத் தட்டு முன்னாலேயே. குட்டியை வளர்க்கும் வீட்டில் பிள்ளைகளும் வளர்கிறார்கள். நீங்கள் அதை அதட்டும் விதத்தை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள். இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.