பட்லரின் தயவு

ஜார்ஜியாவில் அல்டமஹா ஆறு கடலை நெருங்கும் இடத்தில் பட்லர் தீவு இருக்கிறது. கடல் ஓதம் ஏறும்போது ஆற்றின் நன்னீர் மேலெழும்பும். மதகைத் திறந்து அதை வயலுக்குப் பாய்ச்சி, ஓதம் இறங்கும்போது வடித்து அங்கே நெல் விளைவித்தார்கள். சதுப்பில் கரை எழுப்பியவர்களும் சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டியவர்களும் அடிமைகள்.

சூதாட்டமும் 1857 நிதி நெருக்கடியும் உரிமையாளர் பியர்ஸ் பட்லரைக் கடனாளியாக்கின. 1859 மார்ச் 2, 3 நாட்களில் சவானா நகருக்கு அருகே ஒரு குதிரைப் பந்தயத் திடலில் ஏலம் நடந்தது. பட்டியலில் 436 மனிதர்கள். கணவன் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் பிரிக்காமல் குடும்பமாகவே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏலம் முடிந்ததும் பட்லர், விற்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு டாலரைப் புத்தம்புதிய கால் டாலர் நாணயங்களாகக் கொடுத்தார். அவருக்குச் சேர்ந்தது மூன்று லட்சம் டாலருக்கும் மேல்.

இந்தத் தயவை அறமென்று ஏற்கலாமா?

பிள்ளையைப் பறிகொடுக்காத தாய்க்கு அந்த நிபந்தனை சிறிய விஷயமல்ல. அதை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் அதே நிபந்தனை ஜெஃப்ரி என்ற 23 வயது இளைஞனை என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். மணம் பேசி வைத்திருந்த டோர்கஸையும் வாங்கிக்கொள்ளுமாறு அவன் தன் புதிய எஜமானரிடம் மன்றாடினான். அவளோ நால்வர் கொண்ட குடும்பத்தோடு சேர்த்து விற்கப்படவிருந்தாள். மற்ற மூவர் தேவையில்லை என்று எஜமானர் மறுத்துவிட்டார். முதிய பெற்றோர், உடன்பிறந்தார், காதலர் ஆகிய உறவுகளுக்கு அந்த நிபந்தனையில் இடமே இல்லை.

தயவு பட்லரின் குற்றத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது என்றே தோன்றுகிறது. ஆட்டையும் மாட்டையும் விற்பவன் அவற்றின் கையில் காசு கொடுப்பதில்லை. பிரிவு வலிக்கும், விற்கப்படுபவருக்கும் மனம் உண்டு என்று அறிந்தவனுக்கே அப்படிக் கொடுக்கத் தோன்றும். அறிந்தும் விற்றார்.

‘அந்தக் காலம் அப்படி’ என்ற சமாதானமும் அவருக்குப் பொருந்தாது. 1838–39 குளிர்காலத்தில் அவர் மனைவி ஃபேனி கெம்பிள் அந்தத் தீவில் தங்கியிருந்தார். பிரசவித்த மூன்று வாரத்தில் வயலுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் கூடுதல் ஓய்வு கேட்டு அவரிடம் அழுதார்கள். அந்த முறையீடுகளை அவர் கணவரிடம் எடுத்துச் சென்றார். இனி இப்படி எதையும் தன்னிடம் கொண்டுவரக் கூடாது என்று பட்லர் தடுத்துவிட்டார்.