ஆங்கில இலக்கியம் அறம் புகட்டுமா?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியத்தைத் தனிப் பட்டப்படிப்பாக ஏற்றது 1894-இல். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கல்கத்தா இந்துக் கல்லூரி மாணவர்கள் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். இந்த முந்துதலுக்குப் பெரிய காரணம் மதம். 1813-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம், இந்தியர்களின் கல்விக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கும்படி கிழக்கிந்தியக் கம்பெனியைப் பணித்தது. கம்பெனியோ மக்களின் மதத்தில் கை வைக்க அஞ்சியது. கலகம் மூண்டால் வியாபாரம் கெடும். அரசுக் கல்விக்கூடத்தில் பைபிளை நடத்த முடியாது, ஆனால் பைபிள் தரும் ஒழுக்கம் மட்டும் வேண்டும். அந்த இடத்தை நிரப்ப இலக்கியம் கொண்டுவரப்பட்டது என்பதை கௌரி விஸ்வநாதன் 1989-இல் வெளியான தம் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

இப்படி, பிறக்கும்போதே ஆங்கிலத் துறை ஒரு தத்துவக் கேள்வியைச் சுமந்து வந்தது. கடவுள் நம்பிக்கை எதையும் கோராமல், கவிதையையும் நாடகத்தையும் படிக்கவைத்தே ஒருவரை நல்லவராக்க முடியுமா?

கல்கத்தா தந்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இந்துக் கல்லூரியில் கற்பித்த ஹென்றி டிரோசியோ தம் மாணவர்களைவிடச் சில வயதே மூத்தவர். எதையும் கேள்வி கேட்கும்படி அவர் பழக்கிய இளைஞர்கள் சடங்குகளைக் கேலி செய்தார்கள், மாட்டிறைச்சி தின்றார்கள். ஊர் கொதித்தது. 1831-இல் டிரோசியோவின் வேலை போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் 22 வயதில் காலராவில் இறந்தார். அவர் வட்டத்தைச் சேர்ந்த கிருஷ்ணமோகன் பானர்ஜி மறு ஆண்டு கிறிஸ்தவரானார். அதே கல்லூரியில் படித்த மதுசூதன் தத்தர் 1843-இல் மதம் மாறி மைக்கேல் ஆனார். ஆங்கிலக் கவிஞராக வேண்டும் என்பது அவர் கனவு. சென்னையில் ஆசிரியராக இருந்தபோது, 1849-இல், ஆங்கிலக் கவிதை நூல் ஒன்றையும் வெளியிட்டார். பெயர் வாங்கித் தந்ததோ 1861-இல் வங்க மொழியில் எழுதிய மேகநாதவத காவியம். மில்டனைப் பின்பற்றி, அடியிறுதி இயைபை உதறிய செய்யுள். அதன் நாயகன் இராவணனின் மகன் இந்திரஜித்து. பாடத்திட்டம் வகுத்தவர்கள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு நிகழ்ச்சி இதைவிட விநோதமானது. இந்துக்களைக் கிறிஸ்துவிடம் அழைத்துவரும் நோக்கத்துடன் மிஷனரி அலெக்சாண்டர் டஃப் 1830-இல் தொடங்கிய கல்வி நிறுவனத்தில், 1881 வாக்கில் வில்லியம் ஹேஸ்டி என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் முதல்வராக இருந்தார். அவர் வேர்ட்ஸ்வொர்த்தின் 'எக்ஸ்கர்ஷன்' கவிதையை நடத்தும்போது, இயற்கையின் அழகில் மனம் தன்னை இழக்கும் நிலை மாணவர்களுக்குப் பிடிபடவில்லை. அதை நேரில் பார்க்க வேண்டுமானால் தட்சிணேசுவரத்துக்குப் போய் இராமகிருஷ்ணரைப் பாருங்கள் என்று ஹேஸ்டி சொன்னதாக விவேகானந்தரின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. பின்னாளில் விவேகானந்தரான நரேந்திரநாதர் அந்த வகுப்பில் இருந்தார்.

ஆனாலும் இலக்கியம் அறம் புகட்டும் என்ற நம்பிக்கையை அறிஞர்கள் இழக்கவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியை வளர்த்த வில்லியம் மில்லர், லியர், மெக்பெத், ஹாம்லெட், ஒதெல்லோ ஆகிய நாடகங்களை வாழ்க்கைக்கு வழிகாட்டும் வரைபடமாகக் கொண்டு ஒரு நூலே எழுதினார். மதமும் தத்துவமும் விட்டுச்செல்லும் இடத்தைக் கவிதை நிரப்பும் என்று ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான மேத்யூ ஆர்னால்டு 1880-இல் எழுதினார். இங்கிலாந்தில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி 1921-இல் வந்த நியூபோல்ட் அறிக்கை இலக்கியப் பேராசிரியரை ஏறக்குறைய மிஷனரியாகவே கண்டது.

இந்த நம்பிக்கைக்கு விழுந்த பலத்த அடி இரண்டாம் உலகப் போர். மாலையில் கதேயைப் படித்துவிட்டு, பாஹின் இசையை வாசித்துவிட்டு, காலையில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு வேலைக்குப் போக மனிதனால் முடிந்தது என்பதை இலக்கிய விமர்சகர் ஜார்ஜ் ஸ்டெய்னர் சுட்டிக்காட்டினார். கவிதையில் வரும் அழுகுரலுக்குப் பழகிய காதில் தெருவில் எழும் அழுகுரல் மங்கிவிடக்கூடும் என்பதும் அவர் கவலை. இதற்கு நேரான மறுப்பு கிடையாது. இலக்கியப் படிப்பு கூர்மையாக்குவது கவனத்தை. பிறர் நெஞ்சுக்குள் நின்று பார்க்கும் திறனை. அந்தத் திறன் எதற்குப் பயன்படும் என்பது வேறு இடத்தில் தீர்மானமாகிறது. மில்லர் வரைபடமாக எடுத்துக்கொண்ட ஒதெல்லோவிலேயே மற்றவர் மனத்தை மிக நுட்பமாகப் படிப்பவன் அதன் வில்லன் இயாகோதான்.

மாணவர்களின் கணக்கு தொடக்கத்திலிருந்தே வேறு. ஆங்கிலம் கற்றவருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை என்று 1844-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் அறிவித்தபின், உத்தியோக ஆசையே பலரை வகுப்புக்கு இழுத்தது. இதை இழிவாகப் பேச வேண்டியதில்லை; நரேந்திரரும் பரீட்சைக்குப் படிக்கும் மாணவராகத்தான் ஹேஸ்டியின் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். இன்று பி.ஏ. ஆங்கிலம் முடிப்பவர்கள் பி.எட். படித்து ஆசிரியராகிறார்கள், பத்திரிகைக்கோ சட்டக் கல்லூரிக்கோ போகிறார்கள், மொழிபெயர்க்கிறார்கள், அரசுத் தேர்வு எழுதுகிறார்கள். ஆர்னால்டின் கட்டுரை அவர்களில் பலருக்குத் திறனாய்வுத் தாளில் ஒரு பாடம்.